கொலைகாரன் கையைப் பிடிப்பது குற்றமா?

பாலவனத்தம், அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து ஊர்களில் நாம் கூட்டம் போடும்போதெல்லாம் ஒரு கேள்வி வந்து நிற்கிறது. ஷிப்டு முடிந்து வரும் ஆலைத் தொழிலாளியும் கேட்கிறார்; மிளகாய்ப் பழம் எடுத்துவிட்டு வரும் கூலிக்காரத் தாயும் கேட்கிறார். "ஜனங்களைக் கூட்டம் கூட்டமாகக் கொல்ல ஒருவன் வருகிறான், ஊரைக் கொளுத்த வருகிறான். அப்போது நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டுமா? தடி எடுத்தால் அது பாவமா, நியாயமா?"

இது வேலையற்றவர்கள் திண்ணையில் உட்கார்ந்து கேட்கும் கேள்வியல்ல. நம் பகுதி ராமநாதபுரம் ஜில்லாவில் சேர்ந்திருந்த காலத்தில், 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த முதுகுளத்தூர் கலவரத்தில் எரிந்தவை குடிசைகள். செத்தவர்கள் பெரும்பாலும் மழையை நம்பிப் பிழைக்கும் ஏழைகள். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்றும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். ஆகவே இந்தக் கேள்விக்கு நழுவாமல் பதில் சொல்ல வேண்டியது நம் கடமை.

நம் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கொலை நடக்கும்போது அதைத் தடுக்கப் பலத்தை உபயோகிப்பது நியாயம். சில வேளைகளில் அப்படிச் செய்யாமல் இருப்பதே பாவம். ஆனால் அந்த நியாயத்துக்கு எல்லை உண்டு. கொலையை நிறுத்துவதற்கு ஓங்கிய தடி, கொலை நின்ற பிறகும் இறங்காவிட்டால், அது மறுபடியும் ஏழை மண்டையிலேதான் விழும். இதை நாம் வாதத்துக்காகச் சொல்லவில்லை. சரித்திரம் இதைத்தான் காட்டுகிறது.

இரண்டு தவறான பதில்கள்

"எந்த நிலையிலும் பலாத்காரம் கூடாது, அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்" என்று ஒரு சாரார் உபதேசம் செய்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோரின் வீட்டுக் கூரை ஓலையால் வேய்ந்ததல்ல. இவர்கள் வாசலில் போலீஸ் காவலும் நிற்கிறது. அந்தப் போலீஸ்காரன் தோளில் துப்பாக்கியும் இருக்கிறது. தங்களைக் காக்கத் துப்பாக்கி, ஏழைக்கு அஹிம்சை! அஹிம்சையை உயிராக மதித்த காந்தியே 1920-ல் எழுதும்போது, கோழைத்தனமா பலாத்காரமா என்ற இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கவேண்டுமென்றால் பலாத்காரத்தையே எடுக்கச் சொல்வேன் என்ற கருத்தைச் சொன்னார். உபதேசிகள் அதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

"பழிக்குப் பழி, தலைக்குத் தலை" என்பது இன்னொரு சாராரின் பதில். கேட்பதற்கு இது வீரமாக இருக்கிறது. ரத்தம் கொதிக்கும்போது நியாயமாகவும் படுகிறது. ஆனால் நேற்று நடந்த கொலையை இன்றைய கொலை எப்படித் தடுக்கும்? செத்த குழந்தை எழுந்து வருமா? பழி வாங்குவது வேறு, காப்பாற்றுவது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் இந்தக் கேள்வி சிக்கலாகிறது.

நம் ஊரில் பனையோலைக் கூரையில் தீப்பிடித்தால் என்ன செய்கிறோம்? பக்கத்து வீட்டுக் கூரையையும் பிரித்துப் போடுகிறோம். தீ பரவாமல் தடுக்க அதைவிட்டால் வழியில்லை. அது நாசவேலை என்று யாரும் சொல்வதில்லை. கூரைக்குச் சொந்தக்காரனே முன்னால் வந்து பிரிக்கிறான். ஆனால் தீ அணைந்த பிறகும் ஒருவன் தெருத்தெருவாகப் போய்க் கூரையைப் பிரித்துக்கொண்டிருந்தால் அவனுக்கு என்ன பெயர்?

சட்டமும் இதை ஒப்புக்கொள்கிறது

வெள்ளைக்காரன் 1860-ல் எழுதிய இந்திய தண்டனைச் சட்டமும், அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் ஒரு விஷயத்தில் ஒரே மாதிரிப் பேசுகின்றன. தன் உயிரையும் பிறர் உயிரையும் காத்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. அந்த உரிமையை உபயோகித்துச் செய்த காரியம் குற்றமல்ல. ஜனங்கள் குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைக்க வருபவனைத் தடுக்கும்போது, வேறு வழியில்லாமல் அவன் உயிரே போனாலும் சட்டம் அதைக் குற்றமென்று சொல்லாது.

ஆனால் அதே சட்டம் மூன்று வேலிகளையும் போடுகிறது. சர்க்காரிடம் பாதுகாப்புக் கேட்க அவகாசம் இருந்தால் கேட்கவேண்டும். தேவைக்கு மேல் ஒரு அடிகூட அடிக்கக்கூடாது. ஆபத்து நீங்கிய நிமிஷத்தோடு அந்த உரிமையும் முடிந்தது. சட்டம் எழுதியவர்கள் உழைப்பாளிக்காக எழுதவில்லை; சொத்துக்காரனை மனத்தில் வைத்துத்தான் எழுதினார்கள். ஆனாலும் இந்த மூன்று வேலிகளும் நமக்குப் பயன்படும். நம்மை நாமே அளந்து பார்க்கவும் உதவும்.

வெண்மணி

இனி வெண்மணிக்கு வருவோம். 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை ஜில்லா கீழவெண்மணியில் 44 உயிர்கள் ஒரே குடிசைக்குள் எரிந்து கரிந்தன. பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள். அவர்கள் செய்த குற்றம், கூலியாக அரைப்படி நெல் கூடக் கேட்டதும் செங்கொடியை இறக்க மறுத்ததும்தான். அடியாட்கள் துப்பாக்கியோடு வந்தார்கள். ஒளிய இடமில்லாமல் குடிசைக்குள் புகுந்தவர்களை வைத்துக் கொளுத்தினார்கள்.

அந்த இரவில், அந்தக் குடிசை வாசலில், தீப்பந்தம் பிடித்த கையை ஒருவன் அரிவாளால் வெட்டியிருந்தால் அது பாவமா? துப்பாக்கியோடு ஒரு போலீஸ் படை உரிய நேரத்தில் வந்து, கூட்டத்தைச் சுட்டாவது கலைத்திருந்தால் அது அநீதியா? நெஞ்சில் ஈரமுள்ள எவரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். அந்த வெட்டும் அந்தச் சூடும் 44 உயிர்களைக் காப்பாற்றியிருக்கும்.

பிறகு நடந்தது என்ன? நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட் 1970-ல் நிலச்சொந்தக்காரர்கள் சிலருக்குப் பத்தாண்டு சிறைத் தண்டனை விதித்தது. சென்னை ஹைகோர்ட் 1973-ல் அவர்களை விடுதலை செய்தது. நிறைய நிலம் உள்ள பணக்காரர்கள், தாங்களே நேரில் நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்ற கருத்தைத் தீர்ப்பு சொன்னது! ஏழை கொலை செய்வான், பணக்காரன் செய்யமாட்டான் என்பதுதான் இதன் பொருள். வர்க்க நீதி என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு இதைவிட வேறு பாடம் வேண்டியதில்லை.

அந்த வழக்கில் முக்கிய எதிரியாக நிறுத்தப்பட்டு விடுதலையான நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடுவை, 1980 டிசம்பரில் ஒரு குழு வெட்டிக் கொன்றது. அந்தச் செய்தி கேட்டுப் பலர் மகிழ்ந்தார்கள் என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. கோர்ட் கொடுக்காத தண்டனையை அரிவாள் கொடுத்தது என்று இன்றும் பேசுபவர்கள் உண்டு. 44 பேரைப் பறிகொடுத்தவர்களின் கோபத்தை நாம் கொச்சைப்படுத்தமாட்டோம். 1968-ன் தீயையும் 1980-ன் வெட்டையும் ஒரே தராசுத் தட்டில் வைக்கவும் மாட்டோம்.

ஆனாலும் உண்மையைச் சொல்லியாகவேண்டும். அந்தக் கொலை ஒரு குழந்தையையும் காப்பாற்றவில்லை. தீ அணைந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கூலிக்காரனுக்கு அதனால் ஒரு படி நெல்கூட ஏறவில்லை. 1969-ல் கணபதியா பிள்ளை கமிஷன் அமைந்ததும், அதே ஆண்டில் நியாயக் கூலிச் சட்டம் வந்ததும் ரகசியக் குழுவின் அரிவாளால் அல்ல. பல ஆண்டுகளாகச் சங்கம் கட்டி, அடியும் சிறையும் பட்டு நின்ற ஆயிரக்கணக்கான விவசாயத் தொழிலாளர்களின் பலத்தால் கிடைத்தவை அவை. ஒரு பண்ணையார் போனால் இன்னொரு பண்ணையார் வருவான். அவனைப் பயமில்லாமல் எதிர்த்து நிற்கும் ஊர் இருந்தால்தான் அடுத்த வெண்மணி நடக்காது.

தெலிங்கானா தந்த பாடம்

நிஜாம் சமஸ்தானத்தில் 1946-ல் விவசாயிகள் எழுந்தார்கள். வெட்டி வேலைக்கும், ஜமீன் கொள்ளைக்கும், பிறகு காசிம் ரஜ்வியின் ரஜாக்கர் படை செய்த அட்டூழியத்துக்கும் எதிராகக் கவணும் தடியும் எடுத்து, பின்னால் துப்பாக்கியும் எடுத்தார்கள். ஊரைக் கொளுத்தி, பெண்களை மானபங்கம் செய்த படையின் முன்னால் வேறு என்ன செய்வது? அந்த ஆயுதம் நியாயமான ஆயுதம். அதற்காக நாம் தலை குனியவேண்டியதில்லை.

1948 செப்டம்பர் 13-ல் இந்திய ராணுவம் உள்ளே நுழைந்தது. ஐந்தே நாளில் நிஜாம் பணிந்தான். ரஜாக்கர் படை சிதறியது. அட்டூழியத்தைப் பலத்தால் நிறுத்தியது சரி. அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள்! ராணுவம் ஊர் திரும்பவில்லை. நிலத்தைப் பங்கு போட்டுக்கொண்ட குடியானவனை வேட்டையாடத் திரும்பியது. இன்னொரு பக்கம், ரஜாக்கர் செய்த பாவத்துக்கு ஒன்றுமறியாத முஸ்லிம் நெசவாளியும் கூலிக்காரனும் பலியானார்கள். பிரதமர் நேரு அனுப்பிய சுந்தர்லால் குழு, இறந்தவர்கள் 27,000 முதல் 40,000 வரை இருக்கலாம் என்று கணக்கிட்டது. அந்த அறிக்கையை 2013 வரை ஜனங்கள் கண்ணில் காட்டவில்லை.

ஒரே நாடு, ஒரே மாதங்கள்! கொலையை நிறுத்திய பலம் நியாயம். அதே பலத்தின் நிழலில் நடந்த பழிவாங்கல் மகா பாதகம். இரண்டுக்கும் இடையே உள்ள கோட்டைக் காணாதவன் நியாயம் பேசத் தகுதியற்றவன்.

உலகம் காட்டும் உதாரணங்கள்

1971 மார்ச் 25 இரவில் பாகிஸ்தான் ராணுவம் டாக்காவில் கொலைத் தாண்டவம் தொடங்கியது. சுமார் ஒரு கோடி ஜனங்கள் உயிர் தப்பி நம் நாட்டுக்கு ஓடி வந்தார்கள். டிசம்பரில் நடந்த 13 நாள் யுத்தத்தில் அந்த ராணுவம் சரணடைந்தது. இந்திய சர்க்காருக்குச் சுயநலமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கொலை நின்றது. 1972 மார்ச்சுக்குள் நம் சேனை திரும்பி வந்தது. அந்த மண் அந்த ஜனங்களுக்கே ஆயிற்று.

கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை போல்பாட் ஆட்சியில் 15 முதல் 20 லட்சம் ஜனங்கள் மாண்டார்கள். அந்தக் கொலைகாரர்கள் கம்யூனிஸ்ட் என்றே தங்களை அழைத்துக்கொண்டார்கள். இதை நாம்தான் முதலில் சொல்லவேண்டும். கொடியின் நிறம் கொலைக்கு மன்னிப்புச் சீட்டு ஆகாது! வெண்மணி எரிந்து சரியாகப் பத்து ஆண்டு கழித்து, 1978 டிசம்பர் 25-ல், வியத்நாம் சேனை அங்கே நுழைந்தது. 1979 ஜனவரி 7-ல் அந்த ஆட்சி விழுந்தது. படுகொலை நின்றது. அதன் பிறகும் ஐக்கிய நாடுகள் சபையில் கம்போடியாவின் ஆசனம் போல்பாட் தரப்பிடமே இருந்தது. அமெரிக்காவும் சீனாவும் அதற்குத் துணை நின்றன. வியத்நாம் சேனை 1989 வரை அங்கே தங்கியதைக் குறை சொல்பவர்கள் உண்டு. அதைக் கேட்கவும் வேண்டும். ஆனால் வியத்நாம் போகாமலே இருந்திருக்கலாம் என்று சொல்பவர்கள், செத்துக்கொண்டிருந்தவர்களுக்கு என்ன வழி இருந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

ருவாண்டாவில் 1994-ல் சுமார் நூறு நாளில் எட்டு லட்சம் பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அங்கே ஐ.நா. படை முன்பே இருந்தது. கொலை தொடங்கியதும் அதைப் பெருக்குவதற்குப் பதில் 270 பேராகக் குறைத்தார்கள். கையைக் கட்டிக்கொண்டு நின்றதும் ஒரு குற்றமே. 2011-ல் லிபியாவிலோ வேறு கதை. ஜனங்களைக் காக்கிறோம் என்று ஆகாய விமானத்தில் போன ஏகாதிபத்திய நாடுகள், ஆட்சியையே கவிழ்த்துவிட்டுக் கிளம்பின. அந்த நாடு பல ஆண்டுகள் ஆயுதக் கூட்டங்களின் வேட்டைக்காடாகக் கிடந்தது. "காப்பாற்ற வந்தேன்" என்று சொல்பவனையெல்லாம் நம்பிவிடக் கூடாது என்பதற்கு இது சாட்சி.

ஈழத்தின் கண்ணீர்

கடலுக்கு அப்பால் நம் மொழி பேசும் ஜனங்களின் கதை இந்தக் கேள்வியில் மிகவும் வேதனையானது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் கொளுத்தப்பட்டன. வெலிக்கடைச் சிறைக்குள்ளேயே 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். பாதுகாக்கவேண்டிய சர்க்காரே கொலைக்குத் துணைநின்றால் இளைஞர்கள் ஆயுதம் எடுப்பதில் என்ன ஆச்சரியம்? ஆனால் ஜனங்களுக்குக் கணக்குச் சொல்லாத ஆயுதம் நாளடைவில் எங்கே போய் நின்றது? 1990 அக்டோபரில், வடக்கில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த முஸ்லிம் ஜனங்களை உடுத்திய துணியோடு விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். அந்த ஏழைகளா வெலிக்கடையில் கொலை செய்தவர்கள்?

2009-ல் "பயங்கரவாதத்தை ஒழிக்கிறோம்" என்று சொல்லி இலங்கை சர்க்கார் முள்ளிவாய்க்காலில் குண்டு பொழிந்தது. யுத்தத்தின் கடைசி மாதங்களில் 40,000 பேர் வரை மாண்டிருக்கலாம் என்பதை 2011-ல் ஐ.நா. நிபுணர் குழுவே சொன்னது. அக்கிரமத்தைத் தடுக்க என்று இரு தரப்பும் சொன்னார்கள். நடுவில் சிக்கி மாண்டவர்கள் யார்? மீனவன், விவசாயி, அவர்கள் பெற்ற பிள்ளைகள்.

நாம் கேட்கவேண்டிய நான்கு கேள்விகள்

ஆகவே யார் ஆயுதம் எடுத்தாலும், அது சர்க்கார் படையானாலும், அந்நிய நாடானாலும், நம் சொந்த ஊர்க்காரனேயானாலும், உழைப்பாளி மக்கள் நான்கு கேள்விகள் கேட்கவேண்டும்.

ஒன்று: இது நடக்கும் கொலையை நிறுத்துகிறதா, நடந்து முடிந்த கொலைக்குப் பழி வாங்குகிறதா?

இரண்டு: மனு, போராட்டம், போலீஸ், கோர்ட் ஆகிய வழிகள் உண்மையிலேயே அடைபட்டுவிட்டனவா, அல்லது தட்டியே பார்க்கவில்லையா?

மூன்று: அடி கொலைகாரன் மேல் விழுகிறதா, அல்லது அவன் சாதியில், அவன் மதத்தில், அவன் மொழியில் பிறந்துவிட்ட ஏழை மேல் விழுகிறதா?

நான்கு: கொலை நின்றதும் ஆயுதம் இறங்குமா? அதை ஏந்தியவன் ஜனங்களுக்குக் கணக்குச் சொல்வானா?

இந்த நான்கையும் கொண்டு 1957-ஐ அளந்து பாருங்கள். இம்மானுவேல் சேகரனைக் கொன்றதும், அதன் பிறகு குடிசைகளைக் கொளுத்தியதும் எந்தக் கேள்வியிலும் தேறாது. கலவரத்தை அடக்கப் போலீஸ் வந்தது அவசியம். ஆனால் செப்டம்பர் 14 அன்று கீழத்தூவலில் போலீஸ் சுட்டு 5 பேர் மாண்டார்கள். சுட்டவன் கணக்குச் சொல்லவேண்டாமா என்ற கேள்வி அங்கே எழுந்தது. அது நியாயமான கேள்வி. செத்தவன் எந்தச் சாதியானாலும் அந்தக் கேள்வியைக் கேட்கும் துணிச்சல் நமக்கு வேண்டும். நம் சாதிக்காரன் அடிபட்டால் அட்டூழியம், அடுத்த சாதிக்காரன் அடிபட்டால் வீரம் என்று பேசுபவன் நியாயத்தின் பக்கம் நிற்பவனல்ல. அடுத்த கலவரத்துக்கு விறகு அடுக்குபவன்.

இன்று செய்யவேண்டியது என்ன?

தும்பை விட்டு வாலைப் பிடிப்பதில் பயனில்லை. தீப்பந்தம் கூரைக்கு அருகே வந்த பிறகு தடி எடுப்பது கடைசி வழி. அதற்கு முன்னால் ஆயிரம் வழி உண்டு. எந்தப் படுகொலையும் ஒரே இரவில் முளைப்பதில்லை. முதலில் வசைச் சொல் வருகிறது. பிறகு டீக்கடையில் தனிக் கிளாஸ் வருகிறது. ஒரு போஸ்டர் கிழிகிறது. வாட்ஸ்அப்பில் ஒரு பொய் ஓடுகிறது. சாராயமும் பணமும் கைமாறுகின்றன. கடைசியில்தான் தீ வருகிறது. முதல் அடையாளம் தெரிந்த அன்றே ஊர் விழித்துக்கொண்டால் தடிக்கே வேலையிருக்காது.

ஆலைத் தோழர்களே! உங்கள் ஷிப்டில் பக்கத்து மெஷினில் நிற்பவன் எந்தத் தெருக்காரன் என்று நூல் கேட்பதில்லை. அந்த ஒற்றுமையை ஆலை வாசலோடு விட்டுவிடாமல் ஊருக்குள் கொண்டு போங்கள். விவசாயத் தொழிலாளத் தோழர்களே! ஊர் தோறும் எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் சேர்த்துக் காவல் கமிட்டி அமையுங்கள். பெண்கள் அதில் முன்னால் நிற்கட்டும். மிரட்டல் வந்த அன்றே எழுத்து மூலம் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். 1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. கடமையை வேண்டுமென்றே செய்யத் தவறும் அதிகாரியையும் தண்டிக்க அதில் வழி இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளுங்கள், உபயோகியுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒருவன் தீயோடு வந்தால், அவன் கையைப் பிடியுங்கள்; பிடித்தும் நிற்காவிட்டால், நிற்கிறமட்டும் தடுங்கள். அது உங்கள் உரிமை, உங்கள் கடமை. தீ விழுந்ததும் உங்கள் கையும் தாழட்டும். விடிந்ததும் அவன் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் பாதையில் ஒரு கல் கூட விழக்கூடாது.